அணைக்க மாட்டேன்!

"ராத்திரியே அடுப்பை அணைச்சு வைங்கன்னு போன்ல தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, டெலியாம்மா!"

பர்னர் சுத்தம் செய்ய வந்த கோல்ம், பையைத் தரையில் பொத்தென்று போட்டான். மேயோ மலைச்சரிவில் இருந்த அந்த வீட்டில் சமையலுக்கும் கணப்புக்கும் ஒரே ஓர் எண்ணெய் அடுப்புதான். அது ஆறாமல் உள்ளே கை வைக்க முடியாது.

"அணைக்கல. அணைக்கவும் மாட்டேன்."

அடுப்பின் கீழ்க்கதவை மறைத்து நாற்காலி போட்டு, கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள் டெலியா.

"உள்ளே கரி அடைச்சிருக்கு. புகை நெடி வருது பாருங்க! இன்னிக்குச் சுரண்டி எடுக்கலேன்னா தானா நின்னுடும். நான் மறுபடி வர ஈஸ்டர் ஆயிடும். இந்தப் பனியில விறைச்சுக் கிடப்பீங்களா?"

"நிக்கிறப்ப நிக்கட்டும். இன்னிக்கு எரியணும்."

"என்ன பிடிவாதம் இது?"

"பிடிவாதமா? அந்தப் பக்கத்துக் காட்டு ஃபெஸ்டியைப் போய்க் கேளு! வேலியைக் கட்டமாட்டான். அடையாளத்துக்கு நீலச் சாயம் பூசின அவன் ஆடெல்லாம் என் புல்லுலதான் மேயுது. என் சிவப்புச் சாய ஆடுங்க பட்டினி. இனி ஒரு நீலம் உள்ளே வரட்டும், தோலை உரிச்சுடறேன்!"

டெலியாவுக்கும் ஃபெஸ்டிக்கும் வருஷக்கணக்காகப் பேச்சே கிடையாது. மாதா கோயிலில்கூட அவன் வலப்பக்கம் உட்கார்ந்தால் இவள் இடப்பக்கம்.

"ஃபெஸ்டியை விடுங்க. அடுப்புக்கு வாங்க."

"ம்மே..."

டெலியா அவசரமாக இருமினாள்.

கோல்ம் நாற்காலியோடு அவளை நகர்த்தினான். கீழ்க்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, தீ எட்டாத சூட்டறையின் இளஞ்சூட்டில், பழைய கம்பளித் துண்டுக்குள் ஓர் ஆட்டுக்குட்டி.

"தாய் ஆடு பனியில செத்துக் கிடந்துது. இதுக்கு மூச்சு மட்டும்தான் மிச்சம். இன்னிக்குப் பொழுதைத் தாண்டிட்டா பொழைச்சுக்கும், கோல்ம்." அவள் துண்டை இன்னும் இழுத்துப் போர்த்தினாள்.

அவனுக்குக் கோபம் போய்விட்டது. "உங்க ஆட்டுக்குட்டிக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேனா?"

குட்டி திமிறியது. துண்டு நழுவியது.

முதுகில் பளிச்சென்று நீலச் சாயம்!

"என்ன முழிக்கிறே? ஃபெஸ்டி காதுக்கு இது போச்சுன்னா, அடுத்து உன்னைத்தான் இதுக்குள்ள வச்சுச் சாத்துவேன்!"