முழங்கால் வரை கம்பளி

மூன்றாவது முறையும் காலுறை சரிந்தது.

அவன் குனிந்து இழுத்துவிட்டுக்கொண்டான். முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே அது நிற்க வேண்டும். நிற்கவில்லை. கெண்டைச்சதை என்று ஒன்று இருந்தால்தானே நிற்கும்.

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடமாக அந்தக் கால்களை அவளுக்குத் தெரியும். அவற்றுக்கு இவ்வளவு உபசாரம் நடந்து அவள் பார்த்ததில்லை.

வெளியே ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து நவம்பர் மழை கடைக் கண்ணாடியில் சாய்ந்து அடித்தது.

வருகிற சனிக்கிழமை அவனுடைய எண்ணெய்க் கம்பெனியில் விருந்து. ஆண்கள் கில்ட் கட்டிக்கொண்டு போக வேண்டும். மடிப்பு மடிப்பாக இடுப்பைச் சுற்றி வரும், கட்டம் போட்ட கம்பளி. காரைக்குடியில் யாராவது பார்த்தால் பாவாடை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவனிடம் அப்படிச் சொல்லக் கூடாது. “பாரம்பரிய உடை” என்று காரில் வரும்போதே இரண்டு தடவை சொல்லிவிட்டான்.

யாருடைய பாரம்பரியம் என்று அவள் கேட்கவில்லை.

அவள் அப்பா இறந்தபோது மாப்பிள்ளைக்கென்று புது வேட்டி எடுத்து வைத்துக் காத்திருந்தார்கள். இவன் ஜீன்ஸோடு வந்து நின்றான். வேட்டி இடுப்பில் நிற்காதாம். கால் தெரியுமாம். கூச்சமாக இருக்கிறதாம். மயானம் வரைக்கும் ஊர்க்கண் முழுக்க அந்த ஜீன்ஸின் மேல்தான் இருந்தது. செத்துப்போனவரை யார் பார்த்தார்கள்?

கூச்சத்தை இப்போது எந்த விமான நிலையத்தில் பறிகொடுத்தானோ.

கில்ட்டை வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. மற்றதெல்லாம் சொந்தமாக வாங்க வேண்டும். குளிர் தாங்குகிற காலுறை வேண்டும், விலையும் சகாயமாக இருக்க வேண்டும் என்றான். கடைக்காரப் பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா. முழுக் கம்பளியில் ஒரு ஜோடியை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். கைக்குழந்தையைக் கிடத்துவது போல அதை மெல்லத் திரும்ப வைத்தான். பாதி நைலானில் இருக்கிறதா?

இருந்தது. அதுதான் சரிந்துகொண்டிருந்தது.

முந்தின நாள் இதே கடைக்கு வந்துபோன தன் துறைத் தலைவர் என்ன நிறம் வாங்கினார் என்று விசாரித்தான். கரும்பச்சை என்றாள். அவனும் கரும்பச்சையே எடுத்துக்கொண்டான்.

முன்னால் சங்கிலியில் தொங்கும் பை. தோல் வேண்டாம், தோல் மாதிரி இருந்தால் போதும். பிறகு காலுறையில் செருகிக்கொள்ளும் சின்னக் கத்தி. அதிலும் மலிவானது ஒன்று வைத்திருந்தார்கள். வெறும் கைப்பிடி. கீழே அலகு கிடையாது. பிளாஸ்டிக்.

“யாரும் உருவிப் பாக்கப் போறதில்ல,” என்று அவளிடம் தமிழில் சொன்னான்.

அவள் கைப்பிடியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்தது போலிருந்தது.

காலுறை நிற்பதற்கு ஒரு பட்டை உண்டு. அதை இறுக்கி மாட்டி, காலுறையின் மேல் விளிம்பை அதன்மேல் மடித்துவிட வேண்டும். இரண்டு சிவப்பு நாடாக்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். கடைக்காரப் பெண் தன் கையில் சுற்றிக் காட்டினாள். அவன் குனிந்தான். கொக்கி மாட்டும் வரை குனிந்திருக்கத் தொப்பை விடவில்லை.

“உமையா, இதக் கொஞ்சம் மாட்டி விடேன்.”

அவள் எழுந்து வந்து தரையில் முட்டி போட்டாள். பட்டையைச் சுற்றிக் கொக்கியை மாட்டினாள். அவன் மேலே கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை எடுப்பதற்குள் படம் பிடிக்க நிற்பவனைப் போல ஒரு காலை முன்னால் வைத்தான்.

கடைக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அலமாரியிலிருந்து நீளமான கட்டம் போட்ட துணி ஒன்றை உருவி எடுத்தாள். பெண்கள் தோளில் குறுக்கே போட்டு ஊசி குத்திக்கொள்வது.

“உங்கள் மனைவிக்கு இது வேண்டாமா? வாரம் முழுக்க அந்த விருந்துக்குப் போகிறவர்கள்தான் வருகிறார்கள். மனைவிமார் எல்லாரும் இதைத்தான் வாங்கினார்கள்.”

அவள் கை அவன் காலிலேயே நின்றது.

ஆபீஸ் ஆட்கள் மட்டும்தான் என்று சொல்லியிருந்தான். ‘நீ வந்து என்ன பண்ணப்போற, ஒரே போர்.’

“அவளுக்கு உடம்பு சரியில்லை. வரவில்லை,” என்றான் ஆங்கிலத்தில். வேகமாகச் சொன்னான். வேகமாகப் பேசினால் அவளுக்குப் புரியாது என்பது அவன் கணக்கு. ஆறு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியலை ஆங்கிலத்தில் நடத்தியவள் அவள். அதைக்கூட மறந்திருந்தான்.

கடைக்காரப் பெண் குனிந்து பார்த்தாள். தரையில் முட்டி போட்டு, அவன் காலைப் பிடித்துக்கொண்டு, கல்லுக்குண்டு மாதிரி இருந்தவளை.

அவள் எழுந்தாள். கோட்டில் ஒட்டிய கம்பளிப் பிசிரைத் தட்டிவிட்டாள்.

“உமையா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்.”

அவள் கடைக்காரப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில், நிதானமான ஆங்கிலத்தில் கேட்டாள்.

“விருந்து எத்தனை மணிக்கு?”

“ஏழு மணிக்கு. ஆறரைக்கே கதவைத் திறந்துவிடுவார்கள்.”

அந்தத் தோள் துணி அலமாரியில் ஒன்பது நிறத்தில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னாள்.

அவன் ஒற்றைப் பட்டையோடு நின்றான். இன்னொரு காலுக்குப் பட்டை மாட்டிவிட யாரும் வரவில்லை.