பிடித்தம்

“அவர் பேச்சைக் கேக்காதீங்க மேடம். முழுப் பென்ஷனையே போடுங்க. பிடித்தம் வேணாம்.”

கணவரை முந்திக்கொண்டு பேசிய பெண்மணியைப் பார்த்து, பென்ஷன் பிரிவு அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. வழக்கமாக இந்த மேஜைக்கு முன்னால் சண்டை தலைகீழாக நடக்கும். தங்களுக்கு அப்புறம் என்ன ஆனால் என்ன என்று ஆண்கள் முழுசாகக் கேட்பார்கள். மனைவிமார் கண்ணைக் கசக்குவார்கள்.

“நீ சும்மா இரு. மேடம், பிடித்தம் வச்சே எழுதிக்குங்க,” என்றார் கணவர். அந்த நிறுவனத்தின் லிஃப்டுகளைப் பழுது பார்த்தே தலை நரைத்து, இப்போது ஓய்வு பெறுகிறவர். எல்லா மாடிக்காரர்களுக்கும் அவர் ‘லிஃப்ட் அண்ணன்’தான்.

“இன்னொரு தடவை சொல்லிடறேன் அண்ணே,” என்றாள் அதிகாரி. “முழுசா வாங்கினா, நீங்க இருக்கிற வரைக்கும்தான் பென்ஷன். பிடித்தம் வச்சா, மாசாமாசம் மூணுல ஒரு பங்கு குறையும். ஆனா உங்களுக்கு அப்புறம் அண்ணிக்கு வந்துக்கிட்டே இருக்கும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா மாத்த முடியாது. ஒருவேளை அண்ணி முந்திட்டாங்கன்னாலும் பிடிச்சது பிடிச்சதுதான். திரும்ப முழுசாகாது.”

“கேட்டீங்கல்ல?” என்றாள் மனைவி. “வாடகை வீடு, உங்க முட்டி வலி, எல்லாத்துக்கும் காசு வேணும். முழுசா வாங்கி ராஜா மாதிரி இருங்க.”

“ராணிக்கு?”

“ராணிக்கு ஒண்ணும் வேணாம்.”

“வேணும்.” மனுஷன் பிடித்த பிடியை விடுவதாக இல்லை.

“உங்களோட மல்லுக்கட்டித் தொண்டை வறண்டு போச்சு. போய் டீ வாங்கிட்டு வாங்க. மேடத்துக்கும் சேர்த்து,” என்று அவரை விரட்டினாள்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் அவள் குரல் இறங்கிவிட்டது.

“மேடம், எனக்கு நாள் அதிகம் இல்ல. வயித்துல கட்டி. பரவிடுச்சுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். இவருக்குத் தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். நான் வாங்கவே போகாத பணத்துக்காக, அவர் காலம் பூரா வயித்தைக் கட்டணுமா? எப்படியாவது முழுப் பென்ஷனுக்குக் கையெழுத்து வாங்கிடுங்க.”

அதிகாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக இருந்தது. இவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்திருந்தும் அது கண்ணில் படவில்லையே என்று வருந்தினாள்.

“அவர் வர்றதுக்குள்ள முகம் கழுவிட்டு வந்துடறேன்,” என்று மனைவி எழுந்து போனாள்.

டீயோடு வந்தவர் காலி நாற்காலியைப் பார்த்தார். “எங்க போயிட்டா?”

“முகம் கழுவப் போயிருக்காங்க. அண்ணே, அண்ணி சொல்றபடியே முழுசா வாங்கிக்குங்களேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் டீயை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். படிவத்தில் பிடித்தத்துக்கு நேரே குறி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார்.

அதிகாரிக்குக் கோபமே வந்துவிட்டது. விஷயம் தெரியாமல் அடம் பிடிக்கிறவரிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது?

“அவசரப்பட்டுட்டீங்க. கிழிச்சுப் போட்டுட்டு வேற தர்றேன். அண்ணி காரணம் இல்லாமயா சொல்வாங்க?”

அவர் ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

“மாசாமாசம் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு கிளம்புவாம்மா. பஸ் ஏத்தி விட்டுட்டு, அடுத்த பஸ்ல நானும் பின்னாலேயே போய், அவ வெளிய வர்ற வரைக்கும் கேன்சர் ஆஸ்பத்திரி வாசல்ல மறைஞ்சு நிப்பேன். அவளை நடுத்தெருவுல விட்டுட்டுப் போற ஆள் நான் இல்லைன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். முழுப் பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட்டா, எனக்கு விஷயம் தெரியும்னு அவளுக்குப் புரிஞ்சிடும்மா.”