விட்டுப்போன கரணை

டொக், டொக் என்று சுவருக்கு அந்தப் பக்கம் உளிச்சத்தம் கேட்டது. பெயர்த்துப்போட்ட குளியலறையில் கிடந்த, சிமெண்ட் பூசும் கரணை துள்ளியது.

"வாளியண்ணே, நம்ம மேஸ்திரி அடிதான் அது!"

வாளிக்கு அடியில் விரிசல். தரையையும் குழாயையும் உடைத்துவிட்டு மேஸ்திரி போனதிலிருந்து நாற்பது நாளாக, சமையலறையிலிருந்து குளிக்கத் தண்ணீர் சுமப்பது அதுதான். புதுக் குழாய் சீக்கிரம் வராவிட்டால் விரிசல் பிளந்து குப்பைக்குப் போகவேண்டியதுதான்.

"பக்கத்து வீட்ல இருக்காரா? அப்ப இங்க எப்ப வருவாரு?"

"நாளைக்கே வருவாரு. நான் இங்க இருக்கேன்ல? வீட்டுக்காரம்மாவே தினம் என்னைப் பார்த்துட்டு, 'சாமான் இங்கதானே இருக்கு, வந்துடுவார்'னு சொல்றாங்க."

வாளி உற்றுப் பார்த்தது. "தப்பா நினைக்காதே தம்பி. உன்மேல ஒரு பொட்டு சிமெண்ட்கூட இல்லையே?"

"பூசறதுக்கு வேற கரணை அவர் பையில இருக்கு." கரணை பெருமையாக நிமிர்ந்தது. "நான் வீட்ல விட்டுட்டுப் போறதுக்குன்னே இருக்கிற கரணை. இது பதினோராவது வீடு."

"மத்த பத்து வீட்லயும் வேலை முடிஞ்சுதா?"

"அது தெரியாது. ஆனா என்னை எடுக்க மட்டும் தவறாம வந்துடுவாரு."

உளிச்சத்தம் நின்றது. "நாளைக்கு வந்துடறேன்க்கா" என்றது மேஸ்திரியின் குரல். அங்கே தரையில் எதுவோ 'ணங்' என்று விழுந்தது.

"அது என் தம்பி" என்றது கரணை.

வீட்டுக்காரம்மா வந்தாள். சோப்புத் துண்டை விரிசலில் அப்பி, வாளியைச் சமையலறைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.