முழங்காலில் இருந்த தகடு

மின்மயான ஊழியர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைக்கிறார். ஒரு தகடு, சில திருகாணிகள். அம்மாவின் முழங்காலில் இருந்தவை. வெந்த தகட்டின் மேல் நீலமும் ஊதாவும் ஓடியிருக்கின்றன. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அது ஈரமானதுபோல் மினுங்குகிறது. பக்கத்தில் சாம்பல், அதற்குள் வெள்ளை வெள்ளையாக எலும்புத் துண்டுகள். "இதையும் கலசத்துல போடவா?" என்கிறார் ஊழியர். "வேணாம்," என்கிறார் அண்ணன். "அது கடையில வாங்குனது. அம்மா இல்ல." பள்ளியில் வேதியியல் நடத்தும் தங்கை எலும்பைப் பார்க்கிறாள், தகட்டைப் பார்க்கிறாள், மறுபடியும் எலும்பைப் பார்க்கிறாள். "எலும்புல இருக்குற கால்சியம் மட்டும் அம்மாவோடதா அண்ணா? அதுவும் பால்காரர்கிட்ட வாங்குனதுதான்." "அதுக்கு முன்னாடி?" "மாட்டுக்கிட்ட இருந்துச்சு. புல்லுல, மண்ணுல இருந்துச்சு. அதுக்கெல்லாம் முன்னாடி ஏதோ ஒரு நட்சத்திரம் வெடிச்சு வந்தது. இந்தத் தகடும் அப்படி வந்ததுதான்." அண்ணன் தட்டை உற்றுப் பார்க்கிறார். "அப்ப இதுல அம்மா எது?" வகுப்பில் எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. ஊழியரின் இடுக்கி அந்தரத்தில் நிற்கிறது. அப்போது தகரக் கூரையில் தூறல் விழத் தொடங்குகிறது. மூவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். "மழை வந்தா இந்தத் தகடுதான குடையுது குடையுதும்பாங்க அம்மா," என்று முணுமுணுத்தபடி அண்ணன் கைக்குட்டையை உதறி விரித்து, தகட்டின்மேல் போர்த்துகிறார்.