மதிலின் மூலை

மதிலின் மூலையைக் காணவில்லை.

நாகேந்திரம் புதுப் பொலிஸ் ஸ்டேசனின் பிளானைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். மறுபடியும் பிளானைப் பார்த்தார். பிளானில் மதில் பின்பக்கத்து ஒடுக்கமான ஒழுங்கையோரமாக நேரே போய்ச் சதுரமாகத் திரும்பியது. நிலத்திலோ அந்த மூலையை கேக் வெட்டினாற்போல் சரிவாக வெட்டி, மதிலை உள்ளே தள்ளிக் கட்டியிருந்தார்கள். பொலிஸ் காணியில் ஒரு முக்கோணத் துண்டு ஒழுங்கையோடு போய்விட்டது.

கொழும்பில், அதுவும் கொட்டாஞ்சேனையில் காணி விற்கிற விலைக்கு, அந்தத் துண்டில் ஒரு சைக்கிளை நிறுத்தினாலே வாடகை கேட்பார்கள்.

பொலிஸ் கட்டடங்களைப் பார்வையிட்டு ஒப்பம் வைக்கிற இன்ஜினியர் அவர். வெள்ளவத்தையிலிருந்து காலையில் வெளிக்கிடும்போது நல்ல மனத்தோடுதான் வந்தார். வந்து பார்த்ததும் அசந்தும் போனார். மழைக்கு ஒழுகி, பைல்களுக்குக் குடை பிடித்த பழைய ஸ்டேசனா இது? கண்ணாடிக் கதவு, பெண்கள் முறைப்பாடு சொல்லத் தனி அறை, சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை. கைதிகளை அடைக்கிற மறியல் கூட்டுக்குக்கூட ஜன்னல்!

பின்பக்கம் வந்தபோதுதான் இந்த வெட்டு.

"ஆர் மதிலை இப்பிடிக் கட்டச் சொன்னது?"

பொறுப்பதிகாரி கருணாதிலக தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சிங்களவர்; கொட்டாஞ்சேனைத் தெருக்களில் பொறுக்கிய தமிழ் அவருடையது.

"நான்தான் சேர். மேசன் பாஸ் மேல பிழை இல்ல."

"ஏன் சொன்னனீங்கள்?"

"காரணம் இருக்கு சேர். பைல்ல எழுதுற காரணம் இல்ல."

"இது அரசாங்கக் காணி. உங்கட வீட்டு வளவில்லை."

"தெரியும் சேர். என்ட பேர எழுதுங்க."

பென்சனுக்குப் போக இருக்கிற மனிதர். நாகேந்திரம் உள்ளதை உள்ளபடி எழுதினால் விசாரணை வரும். வேலையும் போகும், பென்சனும் போகும். அது இருவருக்குமே தெரியும். அப்படியிருந்தும் மனிதர் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. அதுதான் நாகேந்திரத்துக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

விறுவிறென்று ஒழுங்கைக்குள் இறங்கினார். மூலையைத் திரும்பியதும் கண்ணில் பட்டது, பெயர்ப்பலகை மாட்டிய உலகப்பன் முதலாளியின் சாமான் களஞ்சியம். வாசலில் வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டில்.

ஓகோ, அப்படியா சங்கதி? முதலாளியின் வண்டில் சுகமாகத் திரும்ப வழி விட்டிருக்கிறார்கள். சும்மா விட்டிருப்பார்களா? வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது!

ஒழுங்கைக்குள்ளே 'தோட்டம்' என்று சொல்கிற நெருக்கமான சிறு வீடுகள். எதிர் வாசலில் ஒரு பெண் உடுப்பு அலசிக்கொண்டிருந்தார். பெயர் மாக்ரெட்.

"அம்மா, நான் பொலிஸ் கட்டட இன்ஜினியர். இந்த மூலையை வெட்டினது முதலாளியின்ர வண்டிலுக்குத்தானே?"

"வண்டிலுக்கா?" மாக்ரெட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கைவண்டில் எப்பவும் திரும்பினதுதான் சேர். இது பெட்டிக்கு."

"என்ன பெட்டி?"

"சவப்பெட்டி."

நாகேந்திரம் மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தத் தோட்டத்தில எந்த வீட்டில ஆள் செத்தாலும் இந்த மூலையாலதான் வெளிய போகணும் சேர். முந்தி பெட்டி படுத்தபடி திரும்பாது. நிமித்தித்தான் திருப்புவம். உள்ள இருக்கிற ஆள் சரிஞ்சு கால்மாட்டில குந்திரும். ரோட்டுக்குப் போய்த் திறந்து, திரும்ப நேராக்கிப் படுக்க வைக்கணும்."

மாக்ரெட் மதில் மூலையைக் கையால் காட்டினார்.

"என்ட மனுசன் செத்தப்ப, பெட்டிய நிமித்தினோன உள்ள தலை தட்டின சத்தம் கேட்டிச்சு. நான் கத்தினேன். உங்கட ஸ்டேசன் பெரிய ஐயா மதிலுக்கு அங்கால நின்டவர், ஓடி வந்து தோள் குடுத்தார். பிறகு புது மதில் கட்டுறப்ப, ஸ்டேசனில ஆக்கள் குந்துற ஒரு நீட்டு வாங்கைக் கான்ஸ்டபிள்மாருட தோள்ல ஏத்தி, இந்த மூலையால நடக்கச் சொன்னார். வாங்கு தட்டாமத் திரும்புற மட்டும் மதிலை உள்ளுக்குத் தள்ளினார் சேர்."

"பிறகு?"

"பிறகென்ன? போன மாசம் பிறிஜெற் அக்கா செத்தா. படுத்தபடியே போனா, ராணி மாதிரி."

நாகேந்திரம் கையிலிருந்த பிளானைப் பார்த்தார். எத்தனை கட்டடம் கட்டியிருப்பார் அவர்! எத்தனை வாசலுக்கு அகலம், எத்தனை படிக்கு உயரம் அளந்திருப்பார்! எல்லாம் நடந்து வருகிறவர்களுக்கு அளந்ததுதான். தூக்கிக்கொண்டு போகப்படுகிறவர்களுக்காக ஒரு வாங்கை வைத்து அளக்க அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

பிளானை அந்த மதிலின் மேலேயே வைத்து விரித்தார். பழைய மூலையைப் பேனாவால் வெட்டி, சரிவாக ஒரு கோடு இழுத்தார். 'மதிலில் பிழையில்லை. பிளானில்தான் பிழை' என்று ஓரத்தில் எழுதி ஒப்பம் வைத்தார். மேலிடத்தில் கேட்டால் கேட்கட்டும், பதில் சொல்லத் தனக்கு வாய் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கட மனுசனும் அந்த ஐயாவும் நல்ல சிநேகிதமோ அம்மா?"

மாக்ரெட் ஈரக் கண்ணோடு சிரித்துவிட்டார்.

"என்ன சேர் நீங்க! என்ட மனுசன் பஸ்ஸில பொக்கெட் அடிக்கிறவர். அவரைத் துரத்தித் துரத்திப் பிடிச்சு உள்ள போட்டதே இந்த ஐயாதானே!"