பெரிய மெஷின்தான் வேணும்

"பெரிசா போடு தம்பி! கடையில எது ரொம்பப் பெரிசோ, அது!"

மெஷின் பொருத்தும் கம்பெனியிலிருந்து அளவெடுக்கப் போன நான் இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ஹால்வர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். எழுபது வயது. வீட்டைச் சூடாக்கப் புது ஹீட் பம்ப் மெஷின் வாங்கும் குஷியில் முகமெல்லாம் சிவந்திருந்தது.

நார்வேயில் எங்கள் ரோரோஸ் ஊரில் அன்று மைனஸ் இருபது டிகிரி. சுவரில் பழைய ஹீட் பம்ப் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷமா இது வீட்டைச் சூடாக்கறதே இல்ல. ஆறு கிலோவாட் பத்தல. எட்டு போடு, பத்து போடு!"

"அளந்துட்டுச் சொல்றேங்க."

"அளக்கறதுக்கு என்ன இருக்கு?"

அவர் மனைவி தூரிட், வாஃபிள் தட்டோடு வந்தாள்.

"கேட்டியா தம்பி? மாளிகைக்குப் போடற மெஷின் வேணுமாம் இவருக்கு. கீழ் ரூம்ல குடியிருக்கற பொண்ணுக்கு மட்டும் ஒரு துளி சூடு குடுக்க மனசு வராது."

"சில்யேவுக்கு வாடகை பேசும்போதே சொல்லியாச்சு. கீழே கரண்டு அவ பாடு. பேச்சுன்னா பேச்சு!"

"நர்ஸிங் படிக்கற பொண்ணு, பாவம்..."

"பாவம் புண்ணியமெல்லாம் ஞாயித்துக்கிழமை பேசு. தம்பி, நீ பெரிசா எழுது!"

நல்ல மனுஷன்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அளக்க ஆரம்பித்தேன். சுவர், ஜன்னல், கூரை எல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஐந்து கிலோவாட்டே தாராளம். அப்படியானால் ஆறு ஏன் பத்தவில்லை?

வெப்பமானியோடு ஒவ்வொரு மூலையாகப் போனேன். கீழ்த் தளத்துக்கு இறங்கும் கதவருகில் சில்லென்று இருந்தது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

முதல் படியில், பனி பூட்ஸுகளுக்குப் பின்னால், ஒரு குட்டி டேபிள் ஃபேன். மேல்வீட்டுச் சூட்டையெல்லாம் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. மைனஸ் இருபதில் ஃபேன்! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் சட்டைக் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். தூரிட்.

"சொல்லிடாதே தம்பி. கரண்டு விலைக்குப் பயந்து அந்தப் பொண்ணு ஹீட்டரே போடறதில்ல. மூணு ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு, விரல் விறைச்சுப்போய் உக்காந்து படிக்கறா. ரெண்டு குளிர்காலமா இப்படித்தான் ஓட்டறேன்."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்! நல்லவேளை, ஃபேன் பழசுன்னாலும் ஒரு கீச்சுச் சத்தம் போடாது."

எனக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. ஐந்து போதும் என்று சொன்னால், சூடு எங்கே போகிறது என்று கிழவர் தேடுவார், அந்தப் பெண் குளிரில் விறைப்பாள். பெரிதாகப் போட்டாலோ, மெஷின் பட்டென்று சூடாக்கி நிற்கும், உடனே மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். நாலு வருடத்தில் படுத்துவிடும். கெட்ட பெயர் எனக்கு.

கூடத்துக்கு வந்தேன். ஹால்வர் என் வாயையே பார்த்தார். தூரிட்டும் பார்த்தாள்.

சொன்னேன். "எட்டே போட்டுடலாம்."

"அப்படிப் போடு!" ஹால்வர் கைதட்டிக் குதித்தார். தூரிட் என் தட்டில் இன்னும் ரெண்டு வாஃபிளை அடுக்கி, மேலே பழுப்புச் சீஸையும் அள்ளி வைத்தாள்.

வண்டியைக் கிளப்பப் போனேன். ஒரு கையில் மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டு, பனியில் சறுக்காத குறையாக ஹால்வர் ஓடி வந்தார்.

"தம்பி, நீ பொய் சொன்னே. இந்த வீட்டுக்கு அஞ்சே போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏன் பெரிசு கேட்டீங்க?"

"வெளியே ஒரு மெஷின், உள்ளே ரெண்டு பெட்டின்னு ஒரு வகை இருக்காமே. ஒண்ணு எங்க கூடத்துல, இன்னொண்ணு சில்யே ரூம்ல. அதுக்கு எட்டு சரியா இருக்குமா?"

மனசுக்குள் கணக்கை மறுபடி போட்டேன். கீழ்த் தளத்தையும் சேர்த்தால் எட்டு கச்சிதம்! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அளந்து வச்ச மாதிரி இருக்கும்!"

"ரெண்டாவது பெட்டி ஆஃபர்ல வந்ததுன்னு தூரிட்கிட்ட சொல்லிடு. என் பேர் வரக்கூடாது. என் பேச்சு என்னாகறது?"

"அப்போ அந்த ஃபேன் விஷயம் உங்களுக்கு..."

அவர் திரும்பி, ஜன்னலில் கையாட்டிக்கொண்டிருந்த தூரிட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அரதப்பழசு தம்பி அது. மாசாமாசம் நான் எண்ணெய் விடலைன்னா, அது போடற கீச்சுக்கு ஊரே கூடியிருக்கும்!"