நிரந்தரம்

புலம்பெயர்ந்து வாழும் நொய்கெல்ன் பகுதித் தேவாலயத்தில் செல்வரட்ணம் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். கடை கடனில் மூழ்கி வங்குரோத்தான நாளிலிருந்து மரத்துப்போன முகத்தில் இன்றும் அசைவில்லை.

"என்ன நேர்த்தி அண்ணை?" பக்கத்து வீட்டு லூக்காஸ் கேட்டான்.

"நிரந்தரமாக்கிப் போட்டினம், தம்பி. இண்டைக்குத்தான் அறிஞ்சன்."

"அப்பாடா! இனி விசாவுக்கு அலையத் தேவையில்லை."

"எனக்கில்லை. கடையை மூடச் சொன்ன நீதவான் அம்மாவுக்கு. அவவும் அந்தக் கோர்ட்டில இவ்வளவு நாளும் தற்காலிக நீதவான்தான்."

"கடையைப் பறிச்சவவுக்கோ? உங்களுக்கென்ன விசரே?"

செல்வரட்ணம் சரிந்த திரியை நிமிர்த்தி வைத்தார்.

"இனி வாற எங்கட ஆக்களுக்கும் அவ இருக்கோணும். மற்ற அரசாங்கக் கந்தோருகளில என்ர பேரை வாசிக்கேலாமல் சிரிப்பினம். அவ என்னட்டையே கேட்டு, சொல்லிப் பழகினவ. கடை போச்செண்டு தீர்ப்புச் சொல்லேக்கையும், 'செல்வரட்ணம்' எண்டு பிழையில்லாமல் கூப்பிட்டுத்தான் சொன்னவ."